வாசகர் கேள்வி பதில்: மியாவ் ஊருக்கு போற டெல்லி பிள்ளைங்களுக்கு

போன இதழ்ல "சீனாவுக்கு ஸ்டடி ட்ரிப் போற மாணவர்கள், பெத்தவங்க கேள்வி அனுப்பலாம்"னு ரெண்டு வரி போட்டிருந்தோம், வந்த கடிதத்துல பாதிக்கு மேல குய்சோ மாகாணத்துல இருக்கற மியாவ் ஊர்கள பத்தி தான். டெல்லியில சீன மொழி படிச்சிட்டு இருந்தப்ப நான் ஒரு தடவை போயிருக்கேன், அப்புறம் டீச்சரா ரெண்டு தடவை பிள்ளைங்கள கூட்டிட்டு போயிருக்கேன். மனசுக்கு ரொம்ப நெருக்கமான ஊருங்க, அதனால சில பதில் நீளமா போயிருக்கு, பொறுத்துக்கோங்க.

அக்கா, எங்க காலேஜ்ல இருந்து 18 பேர் போறோம். "மியாவ் ஊருக்கு போறோம்"னு சொன்னாலே ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பூனை மாதிரி கத்தி சிரிக்கறாங்க. யாரு அக்கா இவங்க?
மாணவி, மயூர் விஹார்

சிரிக்கறவங்ககிட்ட கோவப்படாத, ஆனா அந்த பேருக்கு என்ன அர்த்தம்னு சொல்லு. சீன எழுத்துல அந்த பேர எழுதறப்ப மேல புல், கீழ வயல், ரெண்டையும் சேத்து தான் எழுதுவாங்க. அர்த்தம் நாத்து. நம்ம தஞ்சாவூர் பக்கம் வயல்ல நடறோமே அதே நாத்து. எனக்கு இத முதல்ல வாத்தியார் போர்டுல எழுதி காமிச்சப்ப, ஒரு எழுத்துக்குள்ள வயல் இருக்குங்கறதே அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

ஆனா இன்னொன்னும் இருக்கும்மா. அந்த பேர் அவங்க தங்களுக்கு வெச்சுகிட்ட பேர் இல்ல, வெளியில இருந்து சீனக்காரங்க வெச்சது. குய்சோவோட தென்கிழக்குல இருக்கறவங்க தங்கள ஹ்மூன்னு சொல்லிப்பாங்க, மேற்கு ஹுனான் பக்கம் ஷோங், இன்னும் மேற்கு பக்கம் போனா மோங். பாஷை ஒரே குடும்பம் தான், ஆனா ஒருத்தர் பேசினா இன்னொருத்தருக்கு புரியாது. 1950கள்ல அரசாங்கம் யார் யார் எந்த இனம்னு பட்டியல் போட்டப்ப இவங்க எல்லாரையும் ஒரே தலைப்புக்கு கீழ கொண்டு வந்தாங்க, இன்னைக்கு சீனாவுல 55 சிறுபான்மை இனத்துல இது ஒன்னு, 2020 கணக்கெடுப்புல 1 கோடியே 10 லட்சம் பேர். கேஜியான்னு ஒரு கூட்டம் இருக்காங்க, பட்டியல்ல அவங்களும் மியாவ் தான், ஆனா கேட்டா "நாங்க வேற"ன்னு தான் சொல்வாங்க.

டெல்லியில வளந்த தமிழ் பிள்ளைக்கு இத நான் விளக்கவே வேண்டாம். ஸ்கூல்ல உன்னையும், உன் கூட படிச்ச மலையாளி பையனையும், ஆந்திரா பொண்ணையும் சேத்து "மதராசி"ன்னு தானே கூப்பிட்டிருப்பாங்க, அப்ப உள்ளுக்குள்ள ஒன்னு சுருக்குன்னு இருக்கும் பாரு, அத மனசுல வெச்சுக்கோ. மணிப்பூர், நாகாலாந்துல இருந்து இங்க வந்து படிக்கற பிள்ளைங்கள என்னென்ன பேர் சொல்லி கூப்பிடறாங்கன்னும் உனக்கு தெரியும். அதனால அங்க போனதும் முதல் கேள்வியா "உங்க பாஷையில உங்கள என்னன்னு சொல்வீங்க"ன்னு கேளு. நான் கூட்டிட்டு போன பிள்ளைங்கள்ல ஒருத்தி இத கேட்டதும் அந்த வீட்டு பாட்டி முகம் அப்படியே மாறிடுச்சு, அதுவரைக்கும் கைட் பேசறத கேட்டுட்டு சும்மா உக்காந்திருந்தவங்க அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினாங்க.

இன்னொரு விஷயம், மோங் ஆளுங்க பலபேர் தலைமுறை தலைமுறையா தெற்க நகர்ந்து வியட்நாம், லாவோஸ், தாய்லாந்துன்னு போனாங்க, லாவோஸ் சண்டை முடிஞ்சு 1975க்கு அப்புறம் நிறைய பேர் அகதியா அமெரிக்கா போனாங்க. டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஜிம்னாஸ்டிக்ஸ் ஆல் ரவுண்ட் தங்கம் வாங்கின சுனிசா லீ அப்படி போன மோங் குடும்பத்து பொண்ணு தான். உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இத சொல்லு, பூனை சத்தம் நிக்கும்.

என் பொண்ணு சுத்த சைவம், முட்டை கூட தொடமாட்டா. அதோட அந்த ஊர்ல வாசல்லயே சாராயம் குடுத்து தான் உள்ள விடுவாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா? தூக்கம் வரல.
ஒரு அம்மா, கரோல் பாக்

அம்மா, சாராயத்த பத்தி முதல்ல சொல்லிடறேன். உண்மை தான், அரிசில செஞ்ச மது, விருந்தாளி வந்தா ஊர் வாசல்ல வரிசையா நின்னு பாட்டு பாடி குடுப்பாங்க, பெரிய ஊர்ல 12 இடத்துல கூட நிறுத்துவாங்க. நம்ம ஊர்ல பன்னீர் தெளிச்சு சந்தனம் குடுக்கற மாதிரி தான் அது, யாரையும் மயக்கறதுக்கு இல்ல. எருமை கொம்புல ஊத்தி வாய்கிட்ட கொண்டு வருவாங்க, அப்ப கையால கொம்ப தொடக்கூடாது, தொட்டா முழுசையும் நீங்களே குடிக்கறதா அர்த்தம். இது பிள்ளைங்களுக்கு தெரியாம மரியாதைக்குன்னு ரெண்டு கையால வாங்கிடுவாங்க, நம்ம பழக்கம் அப்படி, அங்க தான் மாட்டிப்பாங்க. கைய பின்னாடி கட்டிட்டு, உதட்ட லேசா தொட்டுட்டு சிரிச்சா போதும், வேண்டாம்னு சொன்னாலும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கூட வர்ற டீச்சர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, யாரு குடிக்கமாட்டாங்கன்னு அவங்க கைட்கிட்ட சொல்லிடுவாங்க.

சாப்பாடு தான் நிஜமா யோசிக்க வேண்டிய விஷயம். அங்க பேர் போனது புளிச்ச குழம்புல வேகவெச்ச மீன். அந்த புளிப்பு புளியில இருந்து வர்றது இல்ல, அரிசி களைஞ்ச தண்ணிய புளிக்க வெச்சு எடுக்கறது, இல்லன்னா தக்காளிய பானையில புளிக்க வெச்சு எடுக்கறது. வாசனை நம்ம பழைய சோத்து நீராகாரத்த ஞாபகப்படுத்தும், எனக்கு முதல் வாய்லயே பாட்டி வீட்டு அடுக்களை ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு. மீன் போடறதுக்கு முன்னாடி அந்த குழம்ப தனியா எடுத்து டோஃபு, கீரை, உருளைக்கிழங்கு போட்டு தர சொன்னா தருவாங்க, ஆனா அடியில எலும்பு சாறு சேத்திருக்காங்களான்னு கேக்கணும். காய்கறி வதக்கல்லயும் பன்னிக் கொழுப்பு தான் எண்ணெய்க்கு பதிலா இருக்கும் பல வீட்டுல, அதனால "கறி வேண்டாம்"னு சொன்னா பத்தாது, "கறி, மீன், முட்டை, பன்னிக் கொழுப்பு, எலும்பு சாறு எதுவும் வேண்டாம், செடியில இருந்து வந்த எண்ணெய் மட்டும்"னு சீன மொழியில ஒரு அட்டையில எழுதி வாங்கி பொண்ணு பர்ஸ்ல வெச்சிடுங்க. ஒட்டும் அரிசி சோறு எங்கயும் கிடைக்கும், வாழ்நாள்ல சாப்பிட்டதுல ருசியான சோறு எனக்கு அது தான். பருப்பு பொடி, ஊறுகா, தேப்லா குடுத்து அனுப்புங்க, கவலை வேண்டாம்.

மீன் வாசனை அடிக்கற ஒரு வேர சாலட் மாதிரி வைப்பாங்க, அது மீன் இல்ல, செடி தான், பொண்ணு பயப்பட வேண்டாம். அவ கூட மேகாலயா, மணிப்பூர் பிள்ளைங்க யாராவது படிச்சா அவங்களுக்கு பாத்ததும் தெரியும், அவங்க வீட்டுலயும் அது உண்டு.

யூடியூப்ல பாத்தா ஷிஜியாங் ஊர்ல டிக்கெட், வாடகை டிரஸ், மணி அடிச்சா டான்ஸ். இது எல்லாம் டூரிஸ்டுக்காக நடிக்கறது தானே? இதுக்கா இவ்வளவு செலவு பண்ணி போகணும்?
மாணவன், ஆர்.கே.புரம்

உன் கேள்விய நான் மதிக்கறேன் தம்பி, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஷிஜியாங் பெரிய ஊர், ஆயிரம் வீட்டு ஊருன்னு தான் பேரே, மலைச் சரிவு முழுக்க மர வீடு அடுக்கடுக்கா இருக்கும், சாயங்காலம் எல்லா வீட்டுலயும் விளக்கு எரியறப்ப பாத்தா பேச்சு வராது. டிக்கெட் உண்டு, கூட்டமும் உண்டு. ஆனா அந்த டிக்கெட் பணத்துல ஒரு பங்கு பழைய மர வீட்ட இடிக்காம காப்பாத்தற குடும்பங்களுக்கு போகுது. அதே லெய்ஷான் வட்டாரத்துல லாங்தன்னு சின்ன ஊர் ஒன்னு இருக்கு, அங்க இன்னும் அழகான ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தாங்க. விருந்தாளி வந்தா ஊரே வரும், ஆடறவங்க, மூங்கில் குழல் லூஷெங் ஊதறவங்க, வெள்ளி போட்டு நிக்கறவங்க, வயசான பாட்டி, சின்ன குழந்தை எல்லாருக்கும் புள்ளி, அந்த புள்ளி கணக்குல வந்த பணத்த பிரிச்சுப்பாங்க. ஆட முடியாத கிழவிக்கும் பங்கு உண்டு. இத நடிப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

யோசிச்சு பாரு, மலை மந்திர்ல தைப்பூசத்துக்கு காவடி எடுக்கறப்ப பக்கத்து காலனி பஞ்சாபி குடும்பம் வந்து வீடியோ எடுக்கறாங்க, அதுக்காக அந்த காவடி பொய்யாயிடுமா? வீட்டுக்கு விருந்தாளி வந்தா அம்மா நல்ல புடவைய எடுத்து கட்டிக்கறாங்களே, அது நடிப்பா? மத்தவங்க பாக்கறாங்கங்கறதால ஒன்னு பொய்யாகறது இல்ல. காசு யாருக்கு போகுது, ஆடறவங்களுக்கு அது பிடிச்சிருக்கா, இத கேளு, அது நியாயமான கேள்வி.

என் மனத்தாங்கல் வேற. நான் முதல் தடவை போனப்ப எங்களுக்கு ட்ரிப் போட்டு குடுத்த ஏஜென்ட் ஒரு நாளைக்கு நாலு ஊர், ஒவ்வொன்னுக்கும் 40 நிமிஷம்னு பிளான் போட்டிருந்தாரு. இறங்கு, போட்டோ எடு, ஏறு. பாஷான்னு ஒரு ஊர் உண்டு, சோங்ஜியாங் வட்டாரத்துல. ஆம்பளைங்க உச்சிக் குடுமி வெச்சிருப்பாங்க, சுத்தி இருக்கற முடிய அருவாளால மழிப்பாங்க, தோள்ல வேட்டை துப்பாக்கி. எங்க பஸ்ல எல்லாரும் துப்பாக்கி சத்தத்த கேட்டுட்டு வீடியோ எடுத்துட்டு வந்துட்டோம். அந்த ஊர்ல குழந்தை பொறந்தா ஒரு மரம் நடுவாங்க, அந்த ஆள் செத்தா அவரோட மரத்த வெட்டி அதுலயே வெச்சு புதைப்பாங்க, மேல மேடு, கல்லு எதுவும் இல்ல, அங்க இன்னொரு கன்னு நடுவாங்க, அது தான் சமாதி. நாங்க நடந்து போன அந்த காடு முழுக்க அவங்க தாத்தா பாட்டிங்கன்னு டெல்லி திரும்பி வந்து படிச்சப்ப தான் எனக்கு தெரிஞ்சுது. அங்க நின்னு சத்தம் போட்டு சிரிச்சிட்டு இருந்தோமேன்னு இன்னும் மனசு அறுக்குது. உங்க டீச்சர்கிட்ட சண்டை போட்டாவது சொல்லு, ஊர் எண்ணிக்கைய குறைங்க, ஒரே ஊர்ல ரெண்டு ராத்திரி தங்க வைங்கன்னு.

மியாவ் வெள்ளி நகை மலிவுன்னு சொல்றாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு கொலுசு, வளையல் வாங்கிட்டு வர சொல்லலாமா?
வாசகி, ஜனக்புரி

கடைத்தெருவுல "மியாவ் வெள்ளி"ன்னு குமிச்சு வெச்சிருக்கறதுல பெரும்பாலும் செம்பும் நிக்கலும் தான், வெள்ளி கொஞ்சமா இருக்கும் இல்ல சுத்தமா இருக்காது. அழகுக்கு வாங்கலாம், கல்யாணத்துக்கு வேண்டாம். நிஜ வெள்ளி வேணும்னா 925, 990 மாதிரி முத்திரை பாத்து, எடை போட்டு, கோங்பாய் மாதிரி தட்டார் ஊர்ல செய்யறவங்ககிட்டயே வாங்கணும், அது மலிவா இருக்காது, இருக்கவும் கூடாது. கம்பி இழுத்து, முறுக்கி, ஒட்டி, ஒரு கிரீடத்துக்கு நாள் கணக்கா உக்காருவாங்க. அங்கயும் பொண்ணு பொறந்ததுல இருந்து வெள்ளி சேக்க ஆரம்பிப்பாங்க, திருவிழாவுக்கு முழு அலங்காரம் போட்டா பல கிலோ கனம், அந்த காலத்துல வெள்ளி காச உருக்கி தான் நகை செஞ்சாங்க. நம்ம வீட்டு பீரோவுல பொண்ணுக்குன்னு ஒவ்வொன்னா வாங்கி வெச்சிருக்கோமே, உங்களுக்கு அந்த அம்மாக்கள நல்லா புரியும்.

ஒரு நாள் மட்டும் எங்களுக்கு எங்க வேணா போகலாம்னு விட்டிருக்காங்க. எதுக்கு போகலாம் அக்கா?
மாணவி, லக்ஷ்மி நகர்

தான்ஜாய் பக்கம் மெழுகு சாயம் போடற ஊருக்கு போ, வேற எதுவும் யோசிக்காத.

நான் பாத்தது இது. ஒரு அத்தை, அறுபது வயசு இருக்கும், சின்ன ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க, பக்கத்துல கிண்ணத்துல தேன்மெழுகு, அடியில சாம்பல் மூடின கரி, மெழுகு உருகணும் ஆனா புகையக்கூடாது. கையில ஒரு கத்தி, கத்தின்னா வெட்டறது இல்ல, ரெண்டு மூணு செம்புத் தகட்ட ஒன்னு மேல ஒன்னு வெச்சு மூங்கில் பிடியில கட்டினது, அந்த தகட்டு நடுவுல மெழுகு நிக்கும், நம்ம மை பேனா மாதிரி கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். துணியில பென்சில் கோடு ஒன்னும் இல்ல, அளவு இல்ல, நேரா ஒரு வட்டம் போட்டாங்க, அதுக்குள்ள சுழி, சுழியில இருந்து ஒரு பட்டாம்பூச்சி. புள்ளி வெச்சு தப்பில்லாம கோலம் போடற என் பெரியம்மா கை ஞாபகம் வந்துச்சு, அதே வேகம், அதே யோசிக்காத கை. பட்டாம்பூச்சி எதுக்குன்னா அவங்க கதையில உலகத்துக்கே தாய் அது தான், மரத்துக்குள்ள இருந்து பொறந்த பட்டாம்பூச்சி 12 முட்டை இட்டுச்சு, அதுல ஒன்னுல இருந்து தான் மனுஷன் வந்தான்.

அப்புறம் அந்த துணி நீலத் தொட்டிக்குள்ள போகும். எடுக்கறப்ப பச்சையா தான் இருக்கும், காத்து பட பட கண்ணு முன்னாடியே நீலமாகும். திரும்ப முக்கி, காய வெச்சு, திரும்ப முக்கி, எத்தனை தடவை முக்கறாங்களோ அவ்வளவு ஆழம். கடைசியில கொதிக்கற தண்ணில போட்டா மெழுகு கழண்டு வெள்ளைக் கோடு மட்டும் நிக்கும். அந்த அத்தையோட பத்து விரல் நகமும் நீலம், கழுவினாலும் போகாத நீலம். அவங்களுக்குன்னு பழைய எழுத்து கிடையாது, அதனால துணி தான் புஸ்தகம், பாவாடை ஓரத்துல ஓடற பட்டைங்கள காமிச்சு இது நாங்க தாண்டி வந்த ஆறுன்னு சொல்வாங்க.

போட்டோ எடுக்க முன்னாடி கேளு. கேட்டா பெரும்பாலும் சரின்னு தான் சொல்வாங்க, தலைமுடிய சரி பண்ணிட்டு உக்காருவாங்க. வாங்கறதா இருந்தா பேரம் பேசாத, சரோஜினி நகர் இல்ல அது.

பிள்ளைங்கள கூட்டிட்டு போற ஆசிரியர் நான். திரும்பி வந்து ரிப்போர்ட் எழுத சொன்னா எல்லாரும் "வெள்ளந்தி மக்கள், இயற்கையோடு வாழ்கிறார்கள்"னு ஒரே மாதிரி எழுதறாங்க. என்ன செய்யலாம்?
ஆசிரியர், டெல்லி

சார், அந்த வார்த்தைகள முதல்லயே தடை பண்ணிடுங்க. 1850கள்ல இருந்து கிட்டத்தட்ட 18 வருஷம் அப்ப சீனாவ ஆண்ட சிங் பேரரசுக்கு எதிரா சண்டை போட்டவங்க இவங்க, அதுக்கு தலைமை தாங்கின ஜாங் ஷியூமெய் தாய்ஜியாங் பக்கத்துக்காரர். வெள்ளந்தின்னா எப்படி?

அதோட ஊர்ல யாரு இல்லன்னு எழுத சொல்லுங்க. பல வீட்டுல தாத்தா பாட்டி, குழந்தைங்க மட்டும் தான் இருப்பாங்க, நடு வயசு ஆளுங்க குவாங்தோங் ஃபேக்டரியில இருப்பாங்க, புது வருஷத்துக்கு தான் வருவாங்க. நம்ம பிள்ளைங்களுக்கு இது ஊர்ல அவங்க ஆத்தா தனியா இருக்கற வீடு மாதிரியே தான், பாத்ததும் புரியும். தாய்ஜியாங்ல இருக்கற தாய்பான் ஊர் கூடைப்பந்து போட்டி 2022ல சீனா முழுக்க பிரபலமாச்சு, ரோங்ஜியாங் ஊர் கால்பந்து 2023ல. அதையும் எழுதட்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு பொருள், அத பத்தி மட்டும் ரெண்டு பக்கம்னு குடுத்து பாருங்க. என் வகுப்புல ஒரு பையன் ஒரு அருவாள பத்தி மட்டும் எழுதினான், இன்னும் அத பத்திரமா வெச்சிருக்கேன்.

ஃப்ளைட், ரயில், பணம், போன், மழை?
பல பேர்

2020ல நின்ன நேரடி விமானம் 2025 அக்டோபர்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்கு. குவாங்சோ இறங்கினா அங்கிருந்து குய்சோவுக்கு 2014லயே வந்த வேக ரயில் இருக்கு. குய்சோ தலைநகர் குய்யாங்ல இருந்து கைலிக்கு ரயில்ல சுமார் 40 நிமிஷம், ஆமா நம்ம கைலி மாதிரியே தான் உச்சரிப்பு, மியாவ் ஊருங்களுக்கு அது தான் வாசல். கூகுள், வாட்ஸ்அப் அங்க வேலை செய்யாது, மெசேஜ் அனுப்ப, பணம் குடுக்க விசாட், அலிபே ஆப் ரெண்டையும் இங்கயே போட்டு சர்வதேச கார்ட சேத்துடுங்க. குய்சோல மூணு நாள் சேந்தாப்புல வெயில் இருக்காதுன்னு அந்த ஊர்லயே பழமொழி உண்டு, வழுக்காத ஷூ, குடை கட்டாயம்.

அவங்க வீட்டுல தங்கறோம், வெறுங்கையோட போக மனசு வரல. என்ன கொண்டு போகலாம்?
மாணவி, முனிர்கா

குழந்தைங்களுக்கு தெருவுல நின்னு சாக்லேட் குடுக்காத, காசும் குடுக்காத, நாளைக்கு பஸ் வந்தா ஓடி வந்து கை நீட்டற பழக்கத்த நாம தான் உண்டாக்கிட்டு வருவோம். எடுத்த போட்டோவ பிரிண்ட் போட்டு குடு, கைலியிலயே போடலாம்.

முடிஞ்சா ஒரு சுங்கடி துணி கொண்டு போ. நான் ரெண்டாவது தடவை போனப்ப மதுரை சுங்கடி ஒன்னு எடுத்துட்டு போய் அந்த நீல நகத்து அத்தைகிட்ட குடுத்தேன். அவங்க நிறத்த பாக்கவே இல்ல, துணிய உடனே பின்பக்கம் திருப்பினாங்க, வெள்ளைப் புள்ளிய ஒவ்வொன்னா நகத்தால தடவினாங்க, முடிச்சு போட்ட இடத்துல துணி லேசா குவிஞ்சு நிக்கும்ல, அங்க நிறுத்தி, மெழுகு இல்லையேன்னாங்க. நூலால கட்டறதுன்னு சொன்னேன். ஒரு முடிச்சு போட எத்தனை சுத்து சுத்துவாங்க, நூல் பருத்தியா, நனைச்சு கட்டுவாங்களா காஞ்சு கட்டுவாங்களான்னு வரிசையா கேட்டாங்க, எனக்கு ஒன்னுக்கும் பதில் தெரியல. நீ போறதுக்கு முன்னாடி மதுரையில சுங்கடி கட்டற சௌராஷ்டிரா வீட்டு அம்மா யாராவது ஒருத்தர்கிட்ட போன்லயாவது பேசிட்டு போம்மா, அந்த அத்தை திரும்பவும் கேப்பாங்க.